லாபமும் தர்மமும்

பாகூர் கொம்யூனில் ஆலை நடத்தும் ஒருவர், கழிவுநீரை வாய்க்காலில் விடாமல் சுத்திகரித்துத் தாமே பயன்படுத்துகிறார் என்று வைத்துக்கொள்வோம். 'தண்ணீர்ச் செலவு மிச்சம்' என்பதே அவர் சொல்லும் காரணம். இது தர்மமா, வெறும் வியாபாரமா?

திருப்பூரைப் பாருங்கள். சாயக்கழிவு நொய்யலில் கலந்து, ஒரத்துப்பாளையம் அணையையே நச்சுக்குட்டை ஆக்கிற்று. உழவர்களின் நிலமும் கிணறும் கெட்டன. 2011 ஜனவரியில் சென்னை உயர்நீதிமன்றம் சாயப்பட்டறைகளை மூட உத்தரவிட்டது. மீண்டும் திறக்க வேண்டுமானால் ஒரு சொட்டுக் கழிவும் வெளியேறக்கூடாது. சுத்திகரிக்கத் தொடங்கியபோது, அவர்கள் கொட்டிவந்த அழுக்கிலிருந்து தண்ணீரும் உப்பும் திரும்பக் கிடைத்தன. இரண்டும் காசு கொடுத்து வாங்கியவை அல்லவா! சுத்திகரிப்புச் செலவு பெரிதுதான். அதில் ஒரு பங்கை இப்படி மீட்ட பொருள் ஈடுகட்டுகிறது.

ஆகவே நம் ஆலைக்காரரை ஏளனம் செய்ய வேண்டாம். பாகூர் ஏரிப் பாசனத்தில் நடவு செய்கிறவளுக்கு அவருடைய நோக்கம் எதுவானால் என்ன? வயலுக்கு வரும் நீர் கெடாமல் இருந்தால் போதும்.

ஆனால், கணக்கில் மிச்சம் விழாத ஆண்டும் ஒன்று வரும். அந்த ஆண்டிலும் இரவோடு இரவாகக் குழாயை வாய்க்கால் பக்கம் திருப்பாமல் இருப்பாரானால், அப்போது அதைத் தர்மம் என்று தயங்காமல் சொல்லலாம்.