நாணயம்

ஜெர்மனியின் நகரங்களில் டிராம் வண்டியிலோ சுரங்க இரயிலிலோ ஏறுகிறவரை யாரும் தடுப்பதில்லை. சீட்டைக் காட்டினால் மட்டுமே திறக்கும் தடுப்புக் கதவுகள் நிலையங்களில் இல்லை. தோளில் தோற்பையும் விரலிடுக்கில் சீட்டுக்கட்டுமாகக் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வரும் நடத்துநரும் இல்லை. பயணி தானே இயந்திரத்தில் பணமிட்டுச் சீட்டெடுக்க வேண்டும். எப்போதேனும் சாதாரண உடையில் பரிசோதகர் இருவர் ஏறுவர். சீட்டில்லாதவருக்கு 60 யூரோ அபராதம். 2015 வரை அது 40 யூரோவாக இருந்தது.

வணிக மேலாண்மை பயில இந்நாட்டுக்கு வந்திருக்கும் எங்களைப் போன்றோருக்கு இந்த ஏற்பாடு முதல் வாரத்திலேயே ஒரு கணக்காகத் தோன்றிவிடுகிறது. நகருக்குள் ஒரு பயணத்துக்கான சீட்டு ஏறக்குறைய 3 யூரோ. இருபது பயணத்துக்கு ஒருமுறைக்கும் குறைவாகவே பரிசோதகர் வருவாரானால், சீட்டெடுக்காதவனே இலாபமடைகிறான். வகுப்பறையில் நிகழ்தகவையும் இழப்பையும் பெருக்கிப் பார்க்கக் கற்பிக்கப்படும் பாடம் இதுதான். பல்கலைக்கழகங்களில் பயிலும் பலருக்குப் பருவக் கட்டணத்தோடு பயணச்சீட்டும் கிடைத்துவிடுவதால் அவர்களுக்கு இந்தச் சோதனை இல்லை. தனியார் கல்லூரிகளில் சேர்ந்தவர்களுள் அச்சலுகை அற்றவர்கள் உண்டு. ஊரில் கல்விக்கடனுக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கிறது. விசாவுக்காக வங்கியில் முடக்கிவைத்த பணத்திலிருந்து மாதம் 992 யூரோதான் எடுக்கலாம். 2024 செப்டம்பரில் நிர்ணயிக்கப்பட்ட அளவு அது. வாடகை, மருத்துவக் காப்பீடு, அரிசி, பருப்பு யாவும் அதற்குள் அடங்க வேண்டும். அத்தகையோருக்கு 3 யூரோ சிறு தொகையன்று.

இக்கணக்குக்குக் கல்வியுலகில் ஒரு மதிப்பான முன்னோடி இருக்கிறார். அமெரிக்கப் பொருளியல் அறிஞர் கேரி பெக்கர் கொலம்பியா பல்கலைக்கழகத்தில் ஒரு மாணவருக்கு வாய்மொழித் தேர்வு நடத்தச் செல்கையில் நேரமாகிவிட்டது. காரைக் கட்டண நிறுத்தத்தில் விடுவதா, விதியை மீறித் தெருவில் விட்டு அபராதத்துக்குத் துணிவதா என்று எண்ணிப் பார்த்தார், துணிந்தார், அபராதமும் விழவில்லை. அந்த எண்ணத்திலிருந்து வளர்ந்ததே குற்றத்தையும் தண்டனையையும் பொருளியல் நோக்கில் ஆராயும் அவரது 1968ஆம் ஆண்டுக் கட்டுரை. 1992இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. பெக்கரைக் குறை சொல்வது நம் நோக்கமன்று. அபராதத்தை எவ்வளவு வைக்கலாம், காவலை எவ்வளவு பெருக்கலாம் என்று சட்டம் இயற்றுவோர் சிந்திக்க அவருடைய ஆய்வு உதவுகிறது. ஆனால் ஆட்சியாளருக்கு எழுதப்பட்டதை இருபத்திரண்டு வயது மாணவன் தன் வாழ்க்கைக்கு எழுதப்பட்டதாக வாசித்துவிடுகிறான்.

நம் ஊரில் இக்கேள்வி எழவில்லையே, ஏன்? நாம் அங்கு நேர்மையாளராக இருந்தோமா? அல்லது நேர்மை நம்மிடம் கேட்கப்படவே இல்லையா? பேருந்தில் நடத்துநர் தலைமேல் நின்று கேட்கிறார். கடைத்தெருவில் தந்தையின் பெயரைச் சொல்லியே நம்மை அழைக்கிறார்கள். ஞாயிறு திருப்பலிக்கு வராவிட்டால் அன்பியத்தார் மாலையில் வீட்டுக்கே வந்து நலம் விசாரிக்கிறார்கள். ஊரின் கண் நம்மேல் எப்போதும் இருந்தது. அயல்நாட்டில் அந்தக் கண் இல்லை. நம் பெயரை அடுத்த அறையிலிருப்பவர்கூடச் சரியாக உச்சரிப்பதில்லை. மனச்சான்று என்று நாம் இதுவரை நினைத்திருந்ததில் எவ்வளவு மனச்சான்று, எவ்வளவு கூச்சம் என்பது இங்குதான் பிரிந்து தெரிகிறது. கூச்சத்தையும் நாம் இகழ வேண்டியதில்லை. கன்று மரமாகும் வரை வேலி வேண்டும். வேலியை எடுத்தபின் மரம் நிற்கிறதா என்பதுதான் கேள்வி.

இஸ்ரயேலின் ஹைஃபா நகரில் குழந்தைகள் காப்பகங்கள் பத்தில் யூரி க்னீசி, ஆல்டோ ருஸ்டிகினி என்னும் இருவர் நடத்திய ஆய்வு 2000இல் வெளியாயிற்று. மாலையில் குழந்தைகளை அழைத்துச் செல்லப் பெற்றோர் சிலர் தாமதமாக வந்துகொண்டிருந்தனர். ஆறு காப்பகங்களில், பத்து நிமிடத்துக்கு மேல் தாமதித்தால் 10 ஷெக்கல் அபராதம் என்று அறிவித்தார்கள். தாமதிப்போர் தொகை குறையவில்லை, ஏறக்குறைய இருமடங்காயிற்று. அதுவரை, தங்களுக்காக ஓர் ஆசிரியை வீடு செல்லாமல் காத்திருக்கிறாரே என்ற உறுத்தல் பெற்றோரை விரைவாக நடக்க வைத்தது. அபராதம் வந்ததும் அந்தக் காத்திருப்புக்கு ஒரு விலை வந்துவிட்டது. விலையைக் கொடுத்தவருக்கு உறுத்தல் எதற்கு? இன்னொன்று நம்மை அதிகம் கலங்கச் செய்கிறது. சில வாரங்களுக்குப் பின் அபராதத்தை நீக்கிப் பார்த்தார்கள். தாமதம் பழைய அளவுக்குத் திரும்பவில்லை. விலைபேசப்பட்ட உறுத்தல், விலையை எடுத்தபிறகும் மீண்டு வரவில்லை.

டிராம் வண்டியின் 60 யூரோவை அபராதம் என்று கொள்பவனுக்கும் விலை என்று கொள்பவனுக்கும் உள்ள வேறுபாடு இதுதான். ‘பிடிபட்டால் கட்டிவிடுகிறேன், யாருக்கு என்ன நட்டம்?’ என்று பேசுகிறவன், தனக்கும் பக்கத்து இருக்கையில் சீட்டோடு அமர்ந்திருக்கும் முதியவருக்கும் இடையே இருந்த ஒரு கடனைத் தள்ளுபடி செய்துவிட்டான். அவர் கொடுத்த பணத்தில் இவன் பயணம் செய்கிறான். தமிழில் நாணயம் என்ற ஒரே சொல் காசையும் குறிக்கிறது, நேர்மையையும் குறிக்கிறது. நம் முன்னோர் இரண்டையும் ஒன்றெனக் குழப்பிக்கொண்டார்கள் என்று நாம் எண்ணவில்லை. காசைக் கையாளும் இடத்தில்தான் மனிதனின் நேர்மை தெரியும் என்பதை அறிந்தே அச்சொல்லை வழங்கியிருக்க வேண்டும்.

வணிகக் கல்லூரிகளில் நேர்மை கற்பிக்கப்படுவதில்லை என்று யாரும் எண்ண வேண்டாம். நன்றாகவே கற்பிக்கிறார்கள், வாடிக்கையாளரின் நம்பிக்கை நீண்டகால இலாபம் என்ற தலைப்பின்கீழ் கற்பிக்கிறார்கள். இந்நாட்டு மெய்யியலாளர் கான்ட் 1785இல் எழுதிய ஒழுக்கவியல் நூலில் ஒரு கடைக்காரர் வருகிறார். விவரமறியாத சிறுவன் வந்தாலும் அதே விலைக்கே விற்கிறார்; ஏமாற்றுவதில்லை. ஆனால் அது கடமையுணர்வா, கடையின் பெயர் கெடக்கூடாது என்ற தன்னல நினைப்பா என்று கான்ட் வினவுகிறார். பின்னதாயின் அதற்கு அறமதிப்பு இல்லை என்பது அவர் தீர்ப்பு. கடைக்காரரிடம் அவர் சற்றுக் கடுமையாக நடந்துகொள்கிறார் என்றே நமக்குப் படுகிறது. அவருக்கும் பிள்ளைகுட்டிகள் இருக்கும். நல்ல பெயரும் வேண்டும், நல்ல மனமும் வேண்டும் என்று மனிதர் இரண்டையும் சேர்த்தே விரும்புகிறார்கள். ஆயினும் கேள்வி கூர்மையானது. இலாபத்துக்காக நேர்மையாக இருப்பவர், நேர்மையால் நட்டம் வரும் நாளில் என்ன செய்வார்?

அந்த நாள் எங்களுக்கு மிகச் சாதாரணமான ஒரு தாளின் வடிவில் வருகிறது. இந்நாட்டில் வீடு புகுந்த 2 வாரங்களுக்குள் நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிவு செய்ய வேண்டும். அந்தப் படிவத்தில் சமயம் என்று ஒரு கட்டம் உண்டு. விமான நிலையத்தில் எங்களை வரவேற்று, முதல்நாள் சோறு சமைத்துப் போடும் அன்பான மூத்த மாணவர்கள், அதே அன்போடு சொல்வது: “தம்பி, அதிலே ஒன்றும் இல்லை என்று எழுதிவிடு. நாளைக்கு வேலைக்குப் போனால் சம்பளத்தில் பிடித்துக்கொள்வார்கள்.”

அவர்கள் சொல்வது உண்மை. உலகின் எந்நாட்டில் திருமுழுக்குப் பெற்றவராயினும், இங்கு குடியிருக்கும் கத்தோலிக்கர் திருச்சபை வரிக்கு உட்பட்டவர். வருமான வரியில் நூற்றுக்கு 9 பங்கு. பவேரியா, பாடன்-வூர்ட்டம்பெர்க் மாநிலங்களில் 8 பங்கு. வருமான வரி மாதம் 400 யூரோ கட்டுபவர் 36 யூரோ கட்டுவார். பகுதிநேர வேலை பார்க்கும் மாணவர் பெரும்பாலும் வருமான வரிக்கே உள்ளாவதில்லையாதலால், படிக்கும் காலத்தில் இந்த வரியும் அவருக்கு இல்லை. ஆக, அந்தக் கட்டத்தை நிரப்பும் நேரத்தில் ஒரு காசும் கேட்கப்படுவதில்லை. வரப்போகும் செலவை எண்ணியே நாங்கள் பேனாவை நிறுத்துகிறோம்.

இவ்வரியின் கதை நீண்டது. 1803இல் ஜெர்மன் அரசுகள் திருச்சபையின் நிலங்களையும் மடங்களையும் எடுத்துக்கொண்டன. பங்குகளைப் பேணும் செலவு முதலில் அரசுகளின் பொறுப்பாக இருந்து, 19ஆம் நூற்றாண்டில் சிறிது சிறிதாக இறைமக்களிடம் வந்துசேர்ந்தது. 1919இன் வைமார் அரசியல் சட்டம் இதற்கு உறுதி தந்தது. 1949இன் சட்டமும் அதையே ஏற்றுக்கொண்டது. இவ்வரியை விரும்பாத ஜெர்மானியக் கத்தோலிக்கர் ஏராளம். அரசு அலுவலகத்தில் எழுதிக்கொடுத்து வெளியேறுவோர் ஆண்டுதோறும் இலட்சக்கணக்கானோர். 2022இல் மட்டும் 5,22,821 பேர். அவர்கள் எல்லாரும் பணத்துக்காகச் சென்றவர் என்று சொல்வது அநீதி. சிறாருக்கு இழைக்கப்பட்ட கொடுமைகள் மறைக்கப்பட்டதை அறிந்து மனமுடைந்து சென்றவர் அவர்களுள் பலர். இப்படி வெளியேறுவோர் திருவருட்சாதனங்களைப் பெற இயலாது என்று 2012இல் ஆயர் பேரவை ஆணை வெளியிட்டபோது, அருளையும் வரியையும் இப்படிப் பிணைக்கலாமா என்ற கேள்வி திருச்சபைக்குள்ளேயே எழுந்தது. அக்கேள்வி நியாயமானது என்றே நாமும் கருதுகிறோம்.

ஆனால் ஓர் ஏற்பாட்டை மறுத்துப் பேசுவதும், ‘நான் அவர்களைச் சேர்ந்தவன் அல்லன்’ என்று எழுதிக்கொடுப்பதும் ஒன்றல்ல. ‘இல்லை’ என்று எழுதிய மாணவர் பலர் ஞாயிறன்று ஆலயத்துக்கு வருகின்றனர். குளிர்காலத்தில் அந்த ஆலயம் வெதுவெதுப்பாக இருக்கிறது, இசைப்பெட்டி ஒலிக்கிறது, தமிழில் திருப்பலி நிறைவேற்ற அருட்தந்தை தொலைவிலிருந்து வருகிறார். கோடைதோறும் கெவெலார் அன்னையின் திருத்தலத்தில் ஈழத்தமிழர் திரண்டு கூடும் நாளில் தேர்த்திருநாள் போன்ற கூட்டம். எங்களுக்கு ஊர் நினைவு வந்து கண் கலங்குகிறது. இவற்றுக்கெல்லாம் யாரோ சீட்டெடுத்திருக்கிறார்கள். ஜெர்மானியக் கத்தோலிக்கர் 1958இல் தொடங்கிய மிசெரியோர் நிறுவனம் நம் இந்தியாவிலும் ஏழைகளின் வளர்ச்சிப் பணிகளுக்கு உதவி வந்திருப்பதை வாசகர்கள் அறிவர்.

வரியைப் பற்றி நற்செய்தியில் ஒரு சிறு நிகழ்ச்சி இருக்கிறது. சுங்கச்சாவடியிலிருந்து அழைக்கப்பட்ட மத்தேயு ஒருவரே அதை எழுதிவைத்திருக்கிறார். பழைய தொழிலின் நினைவோ என்னவோ. கப்பர்நாகுமில் கோவில் வரி தண்டுவோர் பேதுருவிடம், உங்கள் போதகர் வரி கட்டுவதில்லையா என்கின்றனர். மகனுக்குத் தந்தையின் வீட்டில் வரியில்லை என்று இயேசு விளக்குகிறார். அதாவது, அந்த வரியைக் கேட்கும் உரிமையை அவர் ஒப்புக்கொள்ளவில்லை. ஆயினும் பிறருக்கு இடறலாக இருக்க வேண்டாமென்று மீனின் வாயிலிருந்து எடுத்த நாணயத்தால் தமக்கும் பேதுருவுக்குமாகக் கட்டச் செய்கிறார். கருத்து வேறுபாட்டோடு கட்டிய வரி அது. பிறகொரு நாள் இரவில், தலைமைக் குருவின் முற்றத்தில் தீ மூட்டியிருந்த இடத்தில், அதே பேதுருவை ஒரு பணிப்பெண் கேட்டாள், நீயும் அவர்களோடு இருந்தவன்தானே என்று. அங்கு யாரும் அவரிடம் காசு கேட்கவில்லை.

கணக்குப் பார்க்காத செயல்களும் இந்நாட்டுத் தெருக்களில் உண்டு. வெற்று நெகிழிப் புட்டியைக் கடையில் திருப்பிக் கொடுத்தால் 25 சென்ட் கிடைக்கும். முதியோரும் வீடற்றோரும் குப்பைத்தொட்டிகளில் கைவிட்டு அவற்றைத் தேடி எடுத்துச் செல்கின்றனர். அதனால் வழிப்போக்கர் பலர் தம் புட்டியைத் தொட்டிக்குள் போடாமல் அருகே தரையில் நிறுத்திவிட்டுப் போகிறார்கள். எடுக்கப் போகிறவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. வயலின் ஓரத்தை ஏழைக்கும் அந்நியனுக்கும் விட்டுவைக்கச் சொல்லும் லேவியர் நூலை அவர்களுள் எத்தனை பேர் வாசித்திருப்பார்கள்? ஆலயத்தை விட்டு வெளியேறியவர்களும் அவர்களிடையே இருக்கக்கூடும். இதையும் நாம் காண வேண்டும்.

கடனும் தனிமையுமாக முதல் முறை அந்தப் படிவத்தின் முன் உட்காரும் பிள்ளையைத் தீர்ப்பிட நமக்கு மனமில்லை. அந்த ஜெர்மன் சொற்களின் பொருளே அவனுக்கு விளங்கியிராது. அண்ணன்கள் சொன்னதை எழுதியிருப்பான். நம் பங்குகளில், அயல்நாடு செல்லும் பிள்ளைகளைத் திருப்பலி முடிவில் பீடத்தருகே அழைத்து ஆசீர்வதித்து, செபமாலை அணிவித்து அனுப்பும் நல்ல வழக்கம் இருக்கிறது. ஊறுகாயும் பொடிவகையும் அம்மாக்கள் கட்டிக்கொடுக்கிறார்கள். தொலைபேசியில், சாப்பிட்டாயா, குளிருக்கு உடுப்பு வாங்கினாயா, வேலை ஏதும் கிடைத்ததா என்று கேட்கிறோம். இப்படி ஒரு கட்டம் வரும், அதில் என்ன கேட்பார்கள், எழுதினால் எவ்வளவு செலவாகும், எழுதாவிட்டால் அதன் பொருள் என்ன என்பதை மறைக்கல்வி ஆசிரியரோ பெற்றோரோ புறப்படுமுன் ஒரு மாலை உட்கார்ந்து அவர்களோடு பேசலாம். விமானம் ஏறிய 2 வாரத்துக்குள் அந்தத் தாள் அவர்கள் கைக்கு வந்துவிடும்.