வலிக்குச் சாட்சி

மூன்று வாரமாக மேலாளரிடம் கால் வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டிருந்தேன். ‘டேக் கேர்’ என்பார். அடுத்த வாக்கியத்திலேயே ரிலீஸ் தேதிக்குப் போய்விடுவார். எம்ஆர்ஐ ரிப்போர்ட்டை அனுப்பிய அன்று பத்தே நிமிடத்தில் விடுப்பு கிடைத்தது. “இவ்ளோ சீரியஸா? முன்னாடியே சொல்லியிருக்கலாமே” என்றார். சொல்லிக்கொண்டுதான் இருந்தேன்.

எல்5–எஸ்1 டிஸ்க் பின்பக்கமாகப் பிதுங்கி, எஸ்1 நரம்பின் வேரை அழுத்துகிறது என்று ரிப்போர்ட் சொன்னது. புட்டத்தில் கிளம்பி, பின்தொடை வழியாக இறங்கி, சுண்டுவிரல் வரை கரண்ட் பாய்வதுபோல ஒரு வலி. இருமினால் உயிர் போய்வரும். ஆனால் என் வாயால் சொன்னவரை அது வெறும் புகார்தான். படம் வந்ததும் நான் நம்பத்தக்க மனிதனாகிவிட்டேன். வெட்கத்தோடு ஒன்றையும் சொல்ல வேண்டும்: எனக்கே நிம்மதியாக இருந்தது. நான் நடிக்கவில்லை என்று எனக்கே அப்போதுதான் உறுதியானது.

படத்துக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? 1934-ல் பாஸ்டனைச் சேர்ந்த மிக்ஸ்டர், பார் என்ற இரு மருத்துவர்கள், முதுகெலும்பின் டிஸ்க் கிழிந்து வெளியே வந்து நரம்பை அழுத்துவதால் இந்தக் கால்வலி வருகிறது என்று எழுதினார்கள். அதுவரை குளிர், வாதம் என்று எதையெதையோ குற்றம் சொல்லிவந்த நோய்க்கு ஓர் இடம் கிடைத்தது. பிற்பாடு வந்த எம்ஆர்ஐ அந்த இடத்தைக் கத்தியில்லாமலே காட்டியது. ஆனால் 1994-ல் வெளியான ஓர் ஆய்வில், முதுகுவலியே இல்லாத 98 பேரைப் படம் எடுத்துப் பார்த்தார்கள். பாதிக்கு மேற்பட்டவர்களுக்கு ஏதாவது ஒரு டிஸ்க்காவது புடைத்திருந்தது. எல்லா டிஸ்க்கும் சரியாக இருந்தவர்கள் 36 சதவீதம்தான். என் தொழிலில் இதை ஜூனியர்களுக்குச் சொல்லித்தருவோம்: பிழை தேடி லாக்கைத் திறந்தால் எப்போதும் ஏதாவது ஒரு வரி சிவப்பாகத்தான் இருக்கும், புரோகிராம் விழுந்ததற்கு அதுதான் காரணம் என்று அர்த்தமில்லை. எனக்கு நரம்பும் வலியும் ஒரே கோட்டில் பொருந்தின, அதனால் படத்தை நம்ப முடிந்தது. பொருந்தாதவர்களிடமும் அதே படத்தைக் காட்டித்தான் பேசுகிறார்கள்.

சர்ஜன் நல்ல மனிதர், அவசரப்படுத்தவில்லை. விரல் தடிமனில் ஒரு குழாயை எடுத்துக் காட்டினார். தசையை அறுக்காமல் விலக்கி, இதன் வழியே பிதுங்கிய துண்டை மட்டும் எடுத்துவிடலாம். “ரெண்டு சென்டிமீட்டர்தான். மறுநாள் நடக்கலாம்.” 1977-ல் நுண்ணோக்கி, 1997-ல் குழாய் என்று வெட்டு சுருங்கிக்கொண்டே வந்திருக்கிறது. நோயாளிக்கு அது நல்லதுதான். ஆனால் வெட்டு சின்னதாகும்போது முடிவும் சின்னதாகிவிட்டதுபோல ஒரு மயக்கம் வருகிறது. உள்ளே நரம்புப் பக்கத்தில் நடக்கும் வேலை அதேதான். நெதர்லாந்தில் 328 பேரிடம் குழாய் முறையையும் வழக்கமான நுண்ணோக்கி முறையையும் ஒப்பிட்டார்கள் (2009). குழாய் மேலாக இல்லை. வலிக் கணக்கில் கொஞ்சம் பின்தங்கிக்கூட இருந்தது.

என்னைத் தூங்கவிடாமல் செய்தது அதே நாட்டின் இன்னொரு ஆய்வு, 2007-ல் வந்தது. கடுமையான கால்வலியோடு ஆறு முதல் பன்னிரண்டு வாரம் தள்ளிய 283 பேர். பாதிப் பேருக்குச் சீக்கிரம் அறுவை. மற்றவர்கள் காத்திருக்க வேண்டும். காத்திருந்தவர்களில் 39 சதவீதம் பேர் தாங்க முடியாமல் நடுவில் அறுவைக்குப் போனார்கள். ஒரு வருட முடிவில் இரு பக்கமும் 95 சதவீதம் பேர் குணமாகியிருந்தார்கள். சிறுநீர் கட்டுப்படாமல் போவது, பாதம் விழுந்துபோவது போன்றவை வந்தால் இந்தக் கணக்கெல்லாம் கிடையாது. உடனே ஓட வேண்டும். அது இல்லாதபோது, அறுவை பெரும்பாலும் விற்பது சில மாதங்களை. வருடக் கடைசியில் இருவரும் ஒரே இடத்தில் நிற்கிறார்கள் சரி, நடுவில் சுவரைப் பிடித்துக் கழிப்பறைக்குப் போன நாட்களை யார் கணக்கில் எழுதுவது?

இங்கே ஒன்றைக் கவனித்தேன். அந்த 95 சதவீதம் படத்தைப் பார்த்து எடுத்தது அல்ல. ‘எப்படி இருக்கிறீர்கள்?’ என்று நோயாளிகளையே கேட்டு எடுத்தது. முதுகெலும்பைப் பற்றிய மிகக் கவனமான விஞ்ஞானம் கடைசியில் ஆளின் வாய்வார்த்தையைத்தான் சாட்சியாக ஏற்கிறது. படத்தைக் கேட்பவர்கள் நாம்தான். ஆபீசும், இன்ஷூரன்சும், சொந்தக்காரர்களும். படுக்கையில் சேர்த்தால் லட்சக்கணக்கில் தரும் என் பாலிசி, தினம் வந்துபோகும் பிசியோதெரபிக்கு ஒரு ரூபாய் தராது. காத்திருப்பதுதான் எனக்குக் கைக்காசு செலவு.

ஒன்பதாவது வாரம் அறுவை செய்துகொண்டேன். கண் விழித்தபோது கால்வலி இல்லை. தானாகவே போயிருக்குமா என்று இனி எனக்குத் தெரியப்போவதில்லை.

என்னைப் பார்த்துக்கொள்ள விருதுநகரிலிருந்து அம்மா வந்திருந்தாள். குனியாதே, தூக்காதே என்று என்னை அதட்டிவிட்டு, சிலிண்டரை அவளே உருட்டிக்கொண்டு போனாள். நான் பள்ளிக்கூடம் போன காலத்திலிருந்தே அவளுக்கு இடுப்புவலி உண்டு. அடிபம்பில் அடித்து, குடத்தை அதே இடுப்பில் வைத்து வருவாள். ராத்திரி அயோடெக்ஸ் வாசனை வரும். அப்பா, “பொம்பளைங்களுக்கு வர்றதுதான்” என்பார். நான் ஒன்றும் சொன்னதில்லை. அந்த வாசனை எங்கள் வீட்டின் வாசனை என்றே நினைத்திருந்தேன். எனக்கு மூன்று வாரத்தில் கிடைத்த நம்பிக்கை அவளுக்கு இருபத்தைந்து வருடத்தில் கிடைக்கவில்லை. பொறுத்துக்கொள் என்று அவளிடம் யாரும் சொல்லக்கூட இல்லை. பொறுத்துக்கொள்வாள் என்று எல்லோரும் எடுத்துக்கொண்டோம்.

குற்ற உணர்ச்சிதான், வேறென்ன. அவளையும் கூட்டிப்போனேன். நர்ஸ், “வலிக்குப் பத்துக்கு எவ்ளோ போடலாம்மா?” என்று கேட்டாள். அம்மா என்னைப் பார்த்தாள். “வலிக்கு எப்படிப்பா மார்க் போடுறது?” அப்புறம் மெதுவாக, “நாலு போட்டுக்க” என்றாள். அவளை அன்று ஆட்டோவிலிருந்து இறக்க இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஸ்கேன் வந்தது. வயதுக்கேற்ற தேய்மானம், நரம்பில் அழுத்தம் எதுவுமில்லை. டாக்டர் அதை நல்ல செய்தியாகத்தான் சொன்னார். ஒரு வகையில் நல்ல செய்திதான். வெளியே பெஞ்சில் உட்கார்ந்து அம்மா கவரைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். பொய் சொல்லி மாட்டிக்கொண்ட பிள்ளையின் முகம்.

“அப்ப எனக்கு ஒண்ணும் இல்லையா தம்பி?”

“வலிக்குதுல்லம்மா?”

“வலிக்குது.”

“அப்ப இருக்கு.”

“படத்துல இல்லன்றாங்களே.”

அதற்கு நான் நரம்பு, தசை, மூளை என்று ஏதேதோ படித்ததையெல்லாம் விளக்கினேன். அவள் கேட்டுக்கொண்டதாகத் தெரியவில்லை. அடுத்த வாரத்திலிருந்து பிசியோதெரபிஸ்ட் பெண் ஒருத்தி வீட்டுக்கு வருகிறாள். முதல் நாள் எங்கே வலி, எப்போதிலிருந்து என்று கேட்டவளிடம் அம்மா அடிபம்பிலிருந்து ஆரம்பித்தாள். முக்கால் மணி நேரம் ஆனது, பயிற்சிக்கு அன்று நேரமே இல்லை. ஒரு தடவைக்கு அறுநூறு ரூபாய். அம்மாவும் என் பாலிசியில்தான் இருக்கிறாள் என்று பில்லை அனுப்பிப் பார்த்தேன். திரும்பி வந்துவிட்டது.