கற்பிதத்தில் செய்த தெரிவு

விளையாட்டிலே ஒருவன் செய்யும் தெரிவுக்கு அறப்பெறுமானம் உண்டா என்னும் வினா, மேலோட்டமாக நோக்குவோர்க்கு நகைப்பிற்கிடமாகத் தோன்றலாம். சதுரங்கத்தில் குதிரையை வெட்டியவனை எவரும் கொலைகாரன் என்பதில்லை. ஆயின் யப்பானியர் வளர்த்தெடுத்த, பாத்திரமேற்று ஆடும் வீடியோ விளையாட்டுகளை முன்வைத்து ஆராயுமிடத்து இவ்வினா அத்துணை எளிதில் தீர்வதாக இல்லை.

1992இல் வெளிவந்த 'டிராகன் குவெஸ்ட்' வரிசையின் ஐந்தாவது விளையாட்டு இதற்குத் தக்க சான்றாகும். இதன் கதையை அமைத்தவர் யூஜி ஹொரீ. பாத்திரங்களுக்கு உருவங்கொடுத்தவர், 'டிராகன் பால்' என்னும் மங்காவால் உலகறிந்த ஓவியர் அகிரா தொரியாமா (1955–2024). கதைநாயகனுக்குப் பெயரில்லை, ஆடுபவனே பெயரிடுதல் வேண்டும். சிறுவனாகிய நாயகனின் கழுத்திலே ஆயுதத்தை வைத்துப் பகைவன் மிரட்ட, மகனின் உயிருக்காகத் தந்தை கையோங்காது நின்று அடிபட்டு மடிகின்றார். மகன் பத்தாண்டுகள் அடிமையாக உழைத்துத் தப்புகின்றான். வளர்ந்தபின் அவன் மணப்பெண்ணைத் தெரியவேண்டிய கட்டம் வருகின்றது. பியாங்கா இளமைத் தோழி, கையில் யாதுமில்லாதவள். ஃபுளோராவோ செல்வர் மகள். நாயகன் தேடியலையும் கேடயம் அவள் தந்தையிடமே உள்ளது. சீதனம் என்னும் சொல்லை மட்டக்களப்பு வாசகர்க்கு விளக்கத் தேவையில்லை.

பியாங்காவைத் தெரிந்தாலும் அச்செல்வர் கேடயத்தைத் தந்துவிடுகின்றார். ஆயின் முதன்முறை ஆடுபவன் இதனை அறியான். இழக்கப்போகின்றோம் என எண்ணியே அவன் தெரிகின்றான். செயலின் பெறுமானம் நிய்யத்தைப் பொறுத்தது என்பது காத்தான்குடியில் ஓதப்போகும் சிறுவனும் அறிந்த செய்தி. அவ்வளவையால் அளந்தால், திரையிலே நிகழ்ந்த அத்தெரிவைச் செயலன்று எனத் தள்ளுவது கடினம். சேமித்த இடத்திலிருந்து மீளத் தொடங்கி மற்றவளை மணக்கலாமே என மறுப்போர் உளர். மணக்கலாம். எனினும் முதலில் யாரை நாடினோம் என்பதை ஆடியவன் தன்னிடமிருந்து அழிக்கவியலாது. அவ்விளையாட்டே இதற்கு ஒரு விடை வைத்திருக்கின்றது. வளர்ந்த நாயகன் கடந்த காலத்துக்குச் சென்று தந்தையைக் காண்கின்றான்; எச்சரிக்கவும் செய்கின்றான்; சாவைத் தடுக்க முடிவதில்லை.

2019 ஓகஸ்ட் 2ஆம் திகதி இக்கதை, தக்காஷி யமசாக்கியின் இயக்கத்தில் 'யுவர் ஸ்டோரி' என்னும் அசைவூட்டப் படமாக வெளிவந்தது. இறுதிப் போரின் தறுவாயில், இவையாவும் பொய்யான ஆட்டம், வளர்ந்தவனாக நடந்துகொள் என நாயகனிடம் கூறப்படுகின்றது. தனக்கு அவை மெய்யே என்று அவன் மறுமொழி பகர்ந்து வெல்கின்றான் என்பதையும் நடுநிலையோடு சொல்லவேண்டும். ஆயினும் யப்பானிய இரசிகர் பலர் கடுஞ்சினங் கொண்டனர். அச்சினம் நியாயமானதே. ஆரையம்பதிக் கூத்துக் களரியில் கர்ணன் வீழும் வேளை, ஒருவன் எழுந்து நின்று முடியும் புயவணியும் மரத்தால் ஆனவை எனக் கூவினால் எவ்வாறிருக்கும்? மரமென்பது எல்லோரும் அறிந்ததே. அறிந்துகொண்டே அழுதவர்களை அவன் அறியாதவர்களாக்கி விடுகின்றான்.

அப்படத்தில் நாயகன் பெயர் ரியூக்கா. இவ்விளையாட்டை 1990களில் நாவலாக்கிய சவோரி குமி இட்ட பெயர் இது. தம்மிடம் கேளாது எடுத்தாண்டனர் என அவர் 2019இல் வழக்குத் தொடுத்தார், வெற்றி பெறவில்லை. தனியொரு பெயர் எவர்க்கும் பதிப்புரிமை ஆகாது என்பது சட்டத்தின் நோக்கு. ஒரு சொல் கேட்டிருக்கலாம் என்பது வேறொரு நோக்கு. ஆடுபவனுக்கென வெறுமையாக விடப்பட்ட இடத்திற்கே இத்தனை பிணக்கு எழுந்ததென்பது ஈண்டுக் குறிக்கத்தக்கது.

கதையின் ஆழமான பகுதி இவற்றிற்கெல்லாம் பிற்பட்டது. இரட்டைக் குழந்தைகள் பிறந்த சில நாளில் நாயகன் கல்லாகச் சபிக்கப்படுகின்றான். எட்டாண்டுகள் எவரோ ஒரு செல்வர் வீட்டு முற்றத்தில் சிலையாக நின்று, அவ்வீட்டுப் பிள்ளை வளர்வதைப் பார்த்துக்கொண்டிருக்கின்றான். அவன் பிள்ளைகள் வேறெங்கோ வளர்கின்றனர். அவன் தேடிய வீரனும் அவனல்லன். மகனே என்பது பின்னரே தெரிகின்றது. வாவிக்கும் கடலுக்குமிடையே நெருங்கிய காத்தான்குடியில், வளைகுடா நாடுகளுக்கு உழைக்கப் போனோர் வீடுகள் பல. வாப்பாவின் குரலை ஒருகாலத்தில் ஒலிநாடாவிலும் பின்னர்த் தொலைபேசியிலும் மட்டுமே கேட்டு வளர்ந்த பிள்ளைகள் அங்குண்டு. அயல்வீட்டுப் பிள்ளையைப் பள்ளிக்கூடம் ஏற்றியிறக்கும் சாரதியாக ஆண்டுகளைக் கழித்த தந்தையரும் உண்டு.

2015இல் இவ்விளையாட்டின் ஆங்கில வடிவம் கைத்தொலைபேசிக்கும் வந்தது. எட்டு வயதுப் பிள்ளைகள் இருவர், முன்பின் கண்டறியாத ஒரு சிலையின் முன் வந்து நிற்க, கல் உருகித் தந்தையாகும் கட்டம் அதில் உண்டு. அங்கே கைத்தொலைபேசியைக் கீழே வைத்துவிட்டு வாசலைப் பார்த்திருக்கும் சிறுவனிடம், "இது வெறும் விளையாட்டுத்தானே" எனச் சொல்லத் துணிபவர் யார்?