ஆத்ம திருப்தி யாருக்கு?



சேலம், நாமக்கல் பக்கம் அன்னதர்மம் செய்கிறவரைப் பாராட்டினால், "ஏதோ ஆத்ம திருப்திக்குச் செய்யறதுங்க" என்பார். பணிவான பேச்சுத்தான். ஆனால் திருப்தி என்ற வடசொல்லுக்கு, வயிறார உண்டு நிறைதல் என்றும் பொருள் உண்டு. "திருப்தியாச் சாப்பிட்டேனுங்க" என்று இலையில் அமர்ந்தவர் சொல்ல வேண்டியதை, கரண்டி பிடித்தவர் ஆத்மாவைச் சேர்த்துத் தமதாக்கிக்கொண்டார்! கடைசிப் பந்திக்குச் சாம்பார் தீர்ந்து, சேகோ ஆலைக் கூலியாள் வெறும் ரசச்சோற்றோடு எழுந்தாலும் இவருடைய திருப்தி குறைவதில்லை. தாழ்ந்தவரைத் தாங்குவதே தர்மம் என்று அய்யா வைகுண்டர் அறிவித்தார். தாங்கியவர் மகிழ்ந்தாரா என்பது அதில் அளவுகோலே அல்ல. பள்ளியறைக் கண்ணாடியில் தம் முகம் கண்டு வணங்கும் அன்பர், பிறரிடமும் அதே ஒளியைக் காண வேண்டியவர். கூலியாள் இன்னும் கைகழுவும் தொட்டியருகேதான் நிற்கிறார். கேட்டால் சொல்வார்.