அவசரத்துக்கு ஒரு சிறுவாடு

நள்ளிரவில் பிள்ளைக்குக் காய்ச்சல் அனலாய்க் கொதிக்கிறது. ஆட்டோவுக்கும் ஆஸ்பத்திரிக்கும் கையில் காசில்லை. பல குடும்பங்களை வட்டிக்காரர் வாசலில் கொண்டுபோய் நிறுத்துவது இப்படி ஓர் இரவுதான். கந்துவட்டி, மீட்டர் வட்டியைத் தடுக்கத் தமிழகத்தில் 2003-லேயே சட்டம் வந்துவிட்டது. ஆனாலும் அந்த இரவில் முதலில் கைகொடுப்பது சேர்த்து வைத்திருக்கும் ஐயாயிரம் ரூபாய்தான்.

ஐயாயிரமா என்று மலைக்க வேண்டாம். நாளுக்கு 20 ரூபாய் எடுத்து வைத்தால் மாதம் 600; ஒன்பது மாதத்தில் 5,400. அஞ்சலகத்தில் மாதம் 100 ரூபாயிலேயே ஆர்.டி. தொடங்கலாம். 12 தவணை கட்டி ஓராண்டு ஆனபின் இருப்பில் பாதிவரை கடனும் கிடைக்கும். என்றாலும், முதல் ஐயாயிரத்தை நினைத்த நேரத்தில் எடுக்கக்கூடிய சேமிப்புக் கணக்கிலேயே வையுங்கள். வட்டி குறைவுதான், பரவாயில்லை. அவசரப் பணம் உடனே கைக்கு எட்ட வேண்டும்.

பண்டிகைத் துணி, சீர்வரிசை, பள்ளிக் கட்டணம் எல்லாம் முன்கூட்டியே தெரிந்த செலவுகள். அவற்றுக்காக இந்தப் பணத்தில் கைவைக்காதீர்கள். நோய்க்கோ வேலை இழப்புக்கோ எடுக்க நேர்ந்தால் தயங்காமல் எடுங்கள். நிலைமை சீரானதும் மறுபடி 20 ரூபாயிலிருந்து தொடங்குங்கள்.