கயிற்றின் மறுமுனை

பத்துமலையின் 272 படிகளை எத்தனையோ தைப்பூசத்தில் ஏறியிருக்கிறேன். கினபாலுவின் 4,095 மீட்டரையும் இரண்டாம் ஆண்டு விடுமுறையில் ஏறி முடித்தேன். போதாக்குறைக்கு, 1997 மே 23-ஆம் நாள் எவரெஸ்ட்டின் உச்சியில் நின்ற முதல் மலேசியர்கள் மகேந்திரன், மோகனதாஸ் இருவருமே நம்ம ஆளுங்க என்கிற பெருமை வேறு. அதனால், பொறியியல் படிப்பில் ஒரு பருவத்துக்கு ஜெர்மனி போக வாய்ப்புக் கிடைத்தபோது, ஆல்ப்ஸ் மலை என்ன பெரிய மலை என்கிற நினைப்பு எனக்குக் கொஞ்சம் இருந்தது.

அந்த நினைப்பு உடைந்தது மலையில்கூட இல்லை, விடுதி அறையில். உடைத்தது ஒரு கேபிள் டை. மின்கம்பிகளைச் சேர்த்துக் கட்டுவோமே, அந்தப் பிளாஸ்டிக் நாடா.

அன்றிலிருந்து ஒரு கேள்வி என்னை விடவே இல்லை. நம்மை நம்பி ஒருவன் கூட வருகிறான். 'சரிண்ணே, நான் வர்றேன்' என்று அவனாகவே சொல்கிறான். அதன் பிறகு அவனுக்கு ஏதாவது நடந்தால் பொறுப்பு யாருடையது? அவனுடையதா, நம்முடையதா?

நடந்ததைச் சொல்கிறேன். நாங்கள் மூன்று பேர். நான், ஈப்போவிலிருந்து அதே திட்டத்தில் வந்திருந்த ஒரு தம்பி, பனிமலைப் பயிற்சி முடித்த ஒரு ஜெர்மன் நண்பன். போக நினைத்தது சுவிட்சர்லாந்தில் செர்மாட் ஊருக்கு மேலே இருக்கும் பிரைத்ஹோர்ன் மலைக்கு. உயரம் 4,164 மீட்டர். 3,883 மீட்டர் வரை கேபிள் காரிலேயே போய்விடலாம் என்பதால், ஆல்ப்ஸின் நாலாயிரம் மீட்டர் சிகரங்களில் இதைத்தான் சுலபமானது என்கிறார்கள். மிச்சம் முந்நூறு மீட்டருக்கும் குறைவு. ஆனால் அந்த முந்நூறு மீட்டரும் பனியாறு. மேலே வெள்ளைத் திடல் மாதிரி தெரியும். அடியில் பல மீட்டர் ஆழத்துக்குப் பிளவுகள் இருக்கும். பிளவின் வாயைப் பனி மூடியிருந்தால் கண்ணுக்குத் தெரியாது. அதனால்தான் ஒரே கயிற்றில் இடைவெளி விட்டுக் கட்டிக்கொண்டு நடப்பார்கள். ஒருவன் உள்ளே விழுந்தால் மற்றவர்கள் தாங்கிப் பிடிக்க வேண்டும்.

கினபாலுவில் இந்தக் கவலை எதுவும் எனக்கு இருந்ததில்லை. அங்கே வழிகாட்டி கட்டாயம். பாதை, நேரம், வானிலை எல்லாம் அவர் பார்த்துக்கொண்டார். நான் நடந்தேன், அவ்வளவுதான். என் பொறுப்பை வேறொருவர் தூக்கிக்கொண்டு முன்னால் போனார் என்பதே எனக்கு அப்போது உறைக்கவில்லை.

பனியில் நடக்க, சப்பாத்துக்கு அடியில் கிராம்பான் என்ற இரும்பு முள் சட்டத்தை மாட்ட வேண்டும். இரண்டு ஜோடி பழைய கிராம்பான்களை மலிவாக வாங்கியிருந்தேன். அவை குதிகாலில் நெம்புகோல் மாதிரி அழுத்திப் பூட்டுகிற வகை. அதற்குச் சப்பாத்தின் பின்பக்கம் ஒரு பள்ளம் இருக்க வேண்டும், அடிப்பகுதியும் வளையாமல் விறைப்பாக இருக்க வேண்டும். என் பூட்ஸில் இரண்டும் இருந்தன. தம்பியிடம் இருந்தது சாதாரணக் காட்டு நடைச் சப்பாத்து. பள்ளமும் கிடையாது, விறைப்பும் கிடையாது. சரியான பூட்ஸை வாடகைக்கு எடுக்கலாம், ஆனால் எங்கள் கணக்கில் அது பல நாள் சாப்பாட்டுக் காசு.

"கவலைப்படாதடா, கேபிள் டை போட்டு இறுக்கிடலாம். ஒரு நாள் தாங்குனா போதும்" என்றேன்.

"சரிண்ணே" என்றான் அவன்.

கட்டிலில் உட்கார்ந்து கயிற்றைச் சுருட்டிக்கொண்டிருந்த ஜெர்மன் நண்பன் நிமிர்ந்து பார்த்தான். "நீ படிப்பது இயந்திரப் பொறியியல்தானே? குளிரில் நைலான் என்ன ஆகும்?" என்று கேட்டான்.

எனக்குப் பதில் தெரியும். குளிரில் அது நொறுங்கும் தன்மைக்கு வரும். தேர்வில் எழுதி மதிப்பெண்ணும் வாங்கியிருக்கிறேன். வளையும் சப்பாத்தில் விறைப்பான சட்டத்தைப் பூட்டினால் ஒவ்வொரு அடியிலும் அது கழலப் பார்க்கும் என்பதும் தெரியும். இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் 'தாங்கும்டா' என்றேன். தம்பிக்கு எதுவுமே தெரியாது. அவன் சரி என்றது கேபிள் டைக்கு இல்லை, எனக்கு.

'அவன்தான் சம்மதிச்சானே' என்று நாம் சுலபமாகச் சொல்கிறோம். ஆனால் ஆபத்து என்னவென்றே தெரியாதவனுடைய சம்மதத்தை எப்படிச் சம்மதம் என்பது? அது வெறும் நம்பிக்கை. சம்மதம் என்றால் பொறுப்பில் பாதி அவனுக்குப் போகும். நம்பிக்கை என்றால் முழுப் பொறுப்பும் நம் தலையில்தான்.

மறுவாரம் செர்மாட்டில் இறங்கினோம். வாயை மூடிக்கொண்டு தம்பிக்குச் சரியான பூட்ஸ் வாடகைக்கு எடுத்தேன். மலைக்கு முந்தின நாள் மாலை அந்த ஊர் அருங்காட்சியகத்துக்குப் போனோம். அங்கே ஒரு கண்ணாடிப் பெட்டிக்குள் அறுந்த கயிறு ஒன்று இருக்கிறது. 1865 ஜூலை 14 அன்று மேட்டர்ஹோர்ன் மலையில் அறுந்த கயிறு.

அன்றுதான் அந்த மலையின் உச்சியை மனிதர்கள் முதன்முதலாகத் தொட்டார்கள். போனவர்கள் ஏழு பேர். முன்னின்று நடத்திய எட்வர்ட் விம்ப்பருக்கு வயது 25. கூட வந்த டக்ளஸ் ஹேடோவுக்கு 19. அவனுக்கு மலை அனுபவம் குறைவு. அவன் வரலாமா என்று விம்ப்பர் கேட்டபோது, அவனை அழைத்து வந்த ஹட்சன் என்ற பாதிரியார் 'தகுந்தவன்தான்' என்று உறுதி கொடுத்தார். இறங்கும்போது ஹேடோ தடுமாறினான். வழிகாட்டி மிஷல் குரோ, தன் கோடரியைக் கீழே வைத்துவிட்டு, அவன் காலைப் பிடித்துச் சரியான இடத்தில் வைத்து இறக்கிவிட வேண்டியிருந்தது. அப்படி இறங்கிக்கொண்டிருந்தபோதுதான் ஹேடோ சறுக்கி குரோவின் மேல் விழுந்தான். அந்த இழுப்பில் ஹட்சனும் பிரான்சிஸ் டக்ளஸும் விழுந்தார்கள். டக்ளஸுக்கும் அடுத்திருந்த வழிகாட்டி மூத்த டவுக்வால்டருக்கும் இடையில் கயிறு அறுந்தது. நான்கு பேர் இறந்தார்கள். விம்ப்பரும் டவுக்வால்டர் அப்பாவும் மகனும் பிழைத்தார்கள்.

டவுக்வால்டர்தான் கயிற்றை வெட்டினார் என்று பேச்சு கிளம்பியது. விசாரணையில் அவர் மேல் குற்றம் இல்லை என்று முடிவானது. ஆனால் இன்னொரு விஷயம் வெளியே வந்தது. அவர்கள் கொண்டுபோனது மூன்று வகைக் கயிறு. அறுந்தது மூன்றிலும் மெலிந்தது, கட்டிக்கொள்வதற்கென்று எடுத்து வராதது. நல்ல கயிறு பயன்படாமல் மூட்டையில் மிச்சம் இருந்தது.

கண்ணாடிக்கு முன்னால் நின்ற தம்பி, "அண்ணே, கயிறு அறுந்ததனாலதானே மூணு பேர் பிழைச்சாங்க? நல்ல கயிறா இருந்திருந்தா ஏழு பேரும் போயிருக்கலாமே?" என்றான்.

அந்த இடத்தில் எனக்குப் பதில் வரவில்லை. இரவெல்லாம் யோசித்தேன். அவன் சொன்னது உண்மையாகவே இருக்கலாம். ஆனாலும் 'மெலிந்த கயிற்றைக் கட்டியது சரியான முடிவு' என்று யாராவது சொல்வார்களா? சொல்ல மாட்டோம். ஹேடோ அன்று சறுக்காமல் இருந்திருந்தால் அந்தக் கயிற்றைப் பற்றி இன்றைக்கு யாரும் பேசவே மாட்டார்கள். அப்போதும் அது மெலிந்த கயிறுதான். ஆக, விளைவு நல்லதாக முடிந்ததால் முடிவு நல்லதாகிவிடாது. முடிச்சுப் போடும் நேரத்தில் நமக்கு என்ன தெரியும், அதை வைத்து என்ன செய்தோம், அதுதான் கணக்கு.

'அப்ப எல்லாத்தையும் கெட்டியா, பெருசா தூக்கிட்டுப் போனா போச்சு' என்று உங்களுக்குத் தோன்றலாம். மலை அதற்கும் விடாது. சுமை கூடினால் நடை தளரும். நடை தளர்ந்தால் வெயில் ஏறிவிடும். வெயில் ஏறினால் பிளவுகளை மூடியிருக்கும் பனி இளகும். பாறை ஏறுகிறவர்களின் 60 மீட்டர் தடித்த கயிறு மூன்றரைக் கிலோ வரும். எங்கள் நடைக்கு 30 மீட்டர் மெல்லிய கயிறு போதும், அது ஒன்றரைக் கிலோவுக்குள் முடிந்துவிடும். ஒரு காராபினர் கொக்கி 20 கிலோநியூட்டன், அதாவது ஏறக்குறைய இரண்டு டன் இழுப்பைத் தாங்க வேண்டும் என்று ஐரோப்பியத் தரம் சொல்கிறது. நம் உடல் எடைக்கு அது பல மடங்கு. தேவைக்கு மேல் எத்தனை மடங்கு பலம் வைப்பது என்பதைத்தான் பொறியியலில் நாங்கள் திரும்பத் திரும்பப் படிக்கிறோம். அந்த மடங்கை ஒன்றுக்குக் கீழே இறக்கக் கூடாது. அதற்காக வானத்துக்கு ஏற்றவும் முடியாது. எதை விடலாம், எதை விடவே கூடாது என்று யாராவது உட்கார்ந்து யோசித்துத்தான் ஆக வேண்டும். அதில் தூக்கம் வருகிறது, காசு கைக்கடிக்கிறது என்று ஏனோதானோவென்று முடிப்பதுதான் தப்பு.

எங்கள் திட்டத்தில் விடவே கூடாதது ஒன்று இருந்தது. திரும்பும் நேரம். எங்கே இருந்தாலும் பகல் 11 மணிக்குத் திரும்பிவிட வேண்டும். 1996 மே மாதம் எவரெஸ்ட்டில் பிற்பகல் 2 மணிக்குமேல் ஏறக் கூடாது என்ற பேச்சு இருந்தும் பலர் ஏறினார்கள். புயல் வந்தது, எட்டுப் பேர் இறந்தார்கள். அதையெல்லாம் படித்துவிட்டு மூவரும் சேர்ந்து வைத்த நேரம் அது. இந்த முறை தம்பிக்கும் எல்லாவற்றையும் விளக்கினோம். முடிச்சை அவனே போட்டான், நான் சரிபார்த்தேன். என் முடிச்சை அவன் சரிபார்த்தான்.

மறுநாள் காற்றினால் கேபிள் கார் தாமதம். மேலே போய்க் கயிறு கட்டும்போதே மணி பத்தை நெருங்கியது. 1,600 மீட்டரில் இருந்து ஒரே மூச்சில் மேலே வந்ததில் தம்பிக்குத் தலைவலி. மெதுவாக நடந்தோம். கடைசிச் சரிவின் அடிவாரத்தை அடைந்தபோது 11 ஆக ஐந்து நிமிடம். மேகம் இறங்கிக்கொண்டிருந்தது. உச்சி இன்னும் முக்கால் மணி நேரம்தான்.

"அண்ணே, போயிடலாம்ணே. எனக்கு ஒண்ணுமில்ல. என்ன ஆபத்துன்னு எனக்குத் தெரியும், தெரிஞ்சுதான் சொல்றேன்" என்றான்.

இப்போது அவன் சொன்னது நிஜமான சம்மதம். ஆனால் கயிற்றில் இருந்தது அவன் மட்டுமல்ல. அவன் சறுக்கினால் நாங்கள் இழுபடுவோம், நான் தடுமாறினால் அவன் இழுபடுவான். 'என் உயிர், என் விருப்பம்' என்ற பேச்சு முடிச்சுப் போட்ட பிறகு செல்லாது. ஜெர்மன் நண்பன் என்னைப் பார்த்தான். "திரும்பிடலாம்" என்றேன்.

நாங்கள் இறங்கும்போது வேறு இரண்டு குழுக்கள் எங்களைக் கடந்து மேலே போயின. அன்று மாலை அவர்களில் சிலரை விடுதியிலேயே பார்த்தோம். உச்சியில் எடுத்த படங்களைக் காட்டினார்கள். அங்கே மேகம் விலகி வெயில் அடித்திருந்தது. எல்லாரும் பத்திரமாகத் திரும்பியிருந்தார்கள். ரயிலில் தம்பி என்னோடு பேசவில்லை. இன்றைக்கும், "அன்னைக்குப் போயிருக்கலாம்ணே" என்பான். போயிருந்தால் ஒன்றும் ஆகியிருக்காது என்பது இப்போது எனக்கும் தெரியும். ஆனால் 11 மணிக்கு அது எங்கள் மூவரில் யாருக்கும் தெரியாது.

கடமையைச் செய், பலனில் பற்று வைக்காதே என்று நம் சமய வகுப்புகளில் சின்ன வயதிலிருந்து கேட்கிறோம். நான் அதைப் பரீட்சைக்கு முன்னால் சொல்லிக்கொள்ளும் ஆறுதலாகத்தான் வைத்திருந்தேன். சிலர் அதையே சாக்காகவும் ஆக்கிவிடுகிறார்கள். 'எல்லாம் சாமி பார்த்துக்கும்' என்று சொல்லிவிட்டுக் கேபிள் டை கட்டுகிறோம். பலன் நம் கையில் இல்லை என்பதால்தான் நம் கையில் இருக்கிற பகுதியை ஒழுங்காகச் செய்ய வேண்டியிருக்கிறது. வானிலை என் கையில் இல்லை. பூட்ஸும் கயிறும் கடிகாரமும் என் கையில் இருந்தன.

நம் இயக்கத்தில் ஒவ்வொரு விடுமுறைக்கும் யாராவது ஒரு பயணம் ஏற்பாடு செய்கிறோம். கினபாலு, குனோங் லேடாங், நீர்வீழ்ச்சி, முகாம். பெயர்ப் பட்டியல் வந்தவுடன் பஸ் எத்தனை சீட், சாப்பாடு எவ்வளவு என்று பார்க்கிறோம். அடுத்த முறை, 'சரிண்ணே', 'சரிக்கா' என்று பெயர் கொடுக்கிற தம்பி தங்கச்சிகளிடம் ஒரு நிமிடம் உட்காருங்கள். அவர்கள் எதற்குச் சரி சொல்கிறார்கள் என்று கேட்டுப் பாருங்கள். ஆற்றில் தண்ணீர் ஏறினால் எங்கே நிற்பது, எத்தனை மணிக்குத் திரும்புவது, யாருக்கு ஆஸ்துமா, யார் சப்பாத்து தேய்ந்துபோயிருக்கிறது என்பது உங்களுக்குத் தெரியுமா என்றும் பாருங்கள். தெரிந்ததை அவர்களுக்கும் சொல்லுங்கள். தெரிந்தும் சொல்லாமல் விட்டது ஏதாவது இருந்தால், பஸ் கிளம்புவதற்கு முன்னால் சரிசெய்துவிடுங்கள்.

அந்தக் கேபிள் டை பாக்கெட் இன்னும் என் மேசை இழுப்பறையில் பிரிக்காமல் கிடக்கிறது. மின்கம்பி கட்டத்தான் வைத்திருக்கிறேன்.