உபயோகமும் மரண வேட்கையும்

நெடுநாள் நோயுற்ற முதியோர் வாழும் இல்லங்களில் ஒரு சொல் அடிக்கடி எழுகின்றது. "இனி என்னால் யாருக்கும் உபயோகமில்லை, போய்ச் சேர்ந்துவிட்டால் நல்லது." வாரம் மூன்று முறை, முறைக்கு ஏறத்தாழ 4 மணி நேரம் இரத்தச் சுத்திகரிப்புக்குச் செல்லும் பெரியவர் ஒருவர், இதனோடு ஒன்று கூட்டி, "சல்லேகனை ஏற்கிறேன்" என்கிறார். இல்லத்தார் என்ன விடை கூறுவது?

சல்லேகனையைத் தற்கொலைக்கு இணையாக்கி இராஜஸ்தான் உயர் நீதிமன்றம் 10.8.2015 அன்று தீர்ப்பளித்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 31.8.2015 அன்று நிறுத்தி வைத்தது. அந்நாளில் நாடெங்கும் சமணர் ஒருங்கே நின்று, "இரண்டும் வேறு" என்றனர். அவ்வேறுபாட்டை நீதிமன்றத்தில் நிலைநாட்டினால் மட்டும் போதாது. நோயாளியின் படுக்கையருகிலும் நாம் அதனைக் காத்தல் வேண்டும்.

ஸ்ரீ சமந்தபத்திராசாரியரின் இரத்தினகரண்டக சிராவகாசாரம், விலக்கவியலாத இடையூறு, பஞ்சம், மூப்பு, தீராப்பிணி ஆகியவை நேர்ந்தபோது அறத்தின்பொருட்டு உடலைத் துறப்பதே சல்லேகனை என வகுக்கின்றது. ஆகவே தீராப்பிணி ஒரு காரணம் ஆகலாம். ஆயின் அந்நூலே சல்லேகனையின் ஐந்து குற்றங்களுள் வாழ்வாசையையும் மரண வேட்கையையும் அடுத்தடுத்து வைக்கின்றது. சாக விரும்புதல் அந்நோன்பிற்குத் தகுதியன்று, அதன் மாசு. வாழ்வின்மீதுள்ள பற்று விருப்பு என்றால், நோயின்மீதுள்ள கசப்பு வெறுப்பே. இரண்டும் வினையைக் கட்டுவனவே. நோவை எண்ணி எண்ணி உழல்வதை ஆர்த்தத் தியானம் என ஆகமம் கூறுவதையும் ஈண்டு நினைத்தல் நன்று.

இவ்வாசாரியரே ஒருகால் பஸ்மக நோயால் பெரிதும் வருந்தினார் என்பது வழிவழி வந்த வரலாறு. எத்துணை உண்டாலும் அடங்காப் பசி. துறவியின் நெறிப்படி உண்டு அதனைத் தணிக்க வழியில்லை. சல்லேகனைக்கு அவர் குருவிடம் அனுமதி வேண்டினார். குரு மறுத்தார், சீடரால் அறத்திற்கு ஆக வேண்டிய பணி உண்டெனக் கண்டு, வேடம் துறந்தேனும் பிணியைத் தீர்த்து மீள்க எனப் பணித்தார். அவரும் அவ்வாறே மீண்டார். வேண்டுவது பேரறிஞரே ஆயினும், வேண்டிய உடனே குரு இசையவில்லை. பிணி தீருமா, வேண்டுவது தெளிந்த மனமா, நொந்த மனமா என ஆராய்ந்தார்.

செஞ்சிக்கு அண்மையிலுள்ள திருநாதர்குன்றில் 57 நாள் உண்ணாநோன்பிருந்த சந்திரநந்தி ஆசிரியரின் நிசீதிகைக் கல்வெட்டைக் கண்டு நாம் தலைவணங்குகிறோம். அஃது வாழ்நாளெல்லாம் பழகிய துறவின் நிறைவு. துன்பம் பொறுக்காது எழுந்த சொல்லை அதனோடு ஒப்பிடலாகாது.

எனவே அப்பெரியவருக்கு உபதேசம் செய்யுமுன் நாம் வினவ வேண்டியவை உள. வலி தணிந்துள்ளதா? இரவில் உறக்கம் உண்டா? செலவைக் குறித்து யாரேனும் அவர் காதுபடப் பேசினரா? நாள்முழுதும் அவருடன் பேசுவார் உளரா? வலி தணிக்கும் மருத்துவமும், சோர்ந்த மனத்திற்குச் சிகிச்சையும் இன்று உள்ளன. அவற்றை நாடாமல் "அவர் விருப்பம்" என்று ஒதுங்குதல் அகிம்சை ஆகாது. நோயுற்றோர்க்குத் தொண்டு புரியும் வையாவிருத்தியம் அகத்தவம் ஆறனுள் ஒன்று. சுமை குறையும் என்று உறவினர் உள்ளூர மகிழ்வரேல், அங்கே நிகழ்வது சல்லேகனையன்று.

இவையனைத்தும் செய்த பின்னரும், மருந்து பயன் தராது உடல் தளர்ந்து, அவர் வெறுப்பின்றி, அச்சமின்றி, யாவரிடமும் பொறுத்தலை வேண்டி விடைகேட்பாராயின், அஃது வேறு நிலை. அப்போது சிகிச்சையை வலிந்து திணிப்பதும் நம் பற்றேயாம். தகுந்த குருவின் வழிகாட்டலும் மருத்துவரின் கருத்தும் அங்கே வேண்டும்.

"உபயோகமில்லை" என்றாரே, அதற்கும் விடை உண்டு. உலக வழக்கில் உபயோகம் என்பது பிறர்க்குப் பயன்படுதல். ஜினாகமத்தில் உபயோகம் என்பது அறிதலும் காண்டலும். அதுவே உயிரின் இலக்கணம். கை கால் ஓய்ந்தாலும், பேரன் படிக்கும் பஞ்ச நமஸ்காரத்தைச் செவியுறும் அவ்வுயிர் உபயோகமற்றது ஆவதில்லை. இதனை அவர் உணருமாறு அருகிருந்து கூறுதல் நம் கடன்.